மெட்ரோ வருகிறது என்றால், எந்தக் கட்டத்தில் வருகிறது? நீல வழித்தடத்தை வைத்து ஒரு விளக்கம்

வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் மனை பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், விளம்பரச் சீட்டில் "மெட்ரோ மிக அருகில்" என்ற வரி இல்லாமல் இருக்காது. விவரம் கேட்டால் "ரிப்போர்ட் கொடுத்தாச்சு சார், வந்துடும்" என்பார்கள். ரிப்போர்ட் கொடுத்தது உண்மைதான். ஆனால் திட்ட அறிக்கை கொடுப்பது, பட்ஜெட்டில் பெயர் வருவது, மத்திய அமைச்சரவை ஒப்புதல் தருவது, பணம் வருவது, ரயில் ஓடுவது இதெல்லாம் தனித்தனி சங்கதி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில வருடங்கள்கூட ஓடிவிடும். சென்னையின் நீல வழித்தடம், அதாவது விம்கோ நகர் - விமான நிலையம் தடம், எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவானது. மத்திய அரசின் ஒப்புதல் 2009 ஜனவரியில் வந்தது. முதல் கட்டத்தில் இரண்டு தடங்கள்: வண்ணாரப்பேட்டை - விமான நிலையம் (நீலத் தடம்) 23.1 கிலோமீட்டர், சென்ட்ரல் - பரங்கிமலை (பச்சைத் தடம்) 22 கிலோமீட்டர். மதிப்பீடு 14,600 கோடி ரூபாய். 2015 ஜூன் 29 அன்று முதலில் ஓடியது நீலத் தடம் அல்ல, பச்சைத் தடத்தின் கோயம்பேடு - ஆலந்தூர் பகுதி. நீலத் தடம் 2016 செப்டம்பரில்தான் தொடங்கியது, அதுவும் சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரை மட்டும், எல்லாமே தூண்மேல் பாதை. மேலே கட்டுவது சுலபம், கீழே தோண்டுவதுதான் கஷ்டம்.

அண்ணா சாலையில் அந்தக் கஷ்டம் நன்றாகவே தெரிந்தது. சுரங்க வேலை எடுத்த ஒப்பந்ததாரர் பாதியில் நின்றுபோக, 2015இல் ஒப்பந்தம் ரத்தாகி, மிச்ச வேலையை வேறு நிறுவனங்களிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2017 ஏப்ரலில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு மேலே சாலை உள்வாங்கி, பயணிகளோடு வந்த மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. அந்தப் படம் பலருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். சின்னமலையிலிருந்து டிஎம்எஸ் வரை 2018 மே மாதம், டிஎம்எஸ்ஸிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை 2019 பிப்ரவரி 10 அன்று திறந்தார்கள். ஒப்புதலுக்கும் முழுத் தடம் ஓடுவதற்கும் இடையே ஏறக்குறைய பத்து வருடம்.

அப்புறம் வடக்கு நீட்டிப்பு. வண்ணாரப்பேட்டையோடு நிறுத்தினால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஆட்களுக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 2016 ஜூலையில் அடிக்கல், 2021 பிப்ரவரி 14இல் திறப்பு, சுமார் 9 கிலோமீட்டர், 3,770 கோடி. தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை இரண்டும் பூமிக்குள், புது வண்ணாரப்பேட்டையிலிருந்து தூண்மேல். திருவொற்றியூர் தேரடியும் விம்கோ நகர் பணிமனையும் மட்டும் அன்றைக்குத் தயாராகவில்லை, அவை 2022 மார்ச்சில் திறந்தன. ஆக, தடம் திறந்த அன்றைக்கே எல்லா நிலையமும் திறக்கும் என்று நம்பி வீடு மாற்றிக்கொள்ளாதீர்கள்.

சரி, பணம் யாருடையது? முதல் கட்டத்தில் மத்திய அரசு 15 சதவீதம் பங்கு மூலதனமாகவும் 5 சதவீதம் சார்நிலைக் கடனாகவும் போட்டது. மாநில அரசும் 15 சதவீதம் பங்கு, கூடவே ஏறக்குறைய 6 சதவீதம் சார்நிலைக் கடன். சார்நிலைக் கடன் என்றால், மற்ற கடன்களை எல்லாம் அடைத்த பிறகு கடைசியில் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு. மீதி 59 சதவீதம் ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்கா தந்த கடன். இரு அரசுகளுக்கும் சமமான பங்கு என்பதால் நிறுவனத்தின் தலைவர் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரத் துறைச் செயலர், நிர்வாக இயக்குநரை நியமிப்பது மாநிலம்.

2017இல் மத்திய அரசு புதிய மெட்ரோ ரயில் கொள்கை கொண்டுவந்தது. உதவி கேட்கும் மாநிலத்துக்கு மூன்று வழி: தனியார் பங்களிப்பில் ஏற்படும் பற்றாக்குறையை ஈடுகட்டும் நிதி, திட்டச் செலவில் 10 சதவீதம் மானியம், அல்லது பழையபடி பாதிப் பாதிப் பங்கு. எதைக் கேட்டாலும், நகரம் முழுவதற்குமான போக்குவரத்துத் திட்டமும், பேருந்துத் தடம் போன்ற மலிவான வழி இங்கே ஏன் போதாது என்ற ஒப்பீடும் காட்ட வேண்டும். மிச்சமாகும் நேரம், எரிபொருள் எல்லாவற்றையும் பணமாகக் கணக்கிட்டு, திட்டத்தின் பொருளாதாரப் பலன் ஆண்டுக்கு 14 சதவீதமாவது வர வேண்டும். கோவை, மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைகள் 2025 நவம்பரில் திரும்பி வந்தபோது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இந்தக் கொள்கையில் உள்ள 20 லட்சம் மக்கள்தொகை அளவு. 2011 கணக்கெடுப்பை வைத்து 2025இல் முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

இரண்டாம் கட்டத்தின் கதை இன்னும் தெளிவு. மூன்று தடங்கள், 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சரே வந்து அடிக்கல் நாட்டினார். 2021 பிப்ரவரி பட்ஜெட் உரையில் இதே எண்களைச் சொல்லி மத்திய நிதி உண்டு என்று படித்தார்கள். அமைச்சரவை ஒப்புதல் வந்தது எப்போது? 2024 அக்டோபர் 3. இடைப்பட்ட ஏறக்குறைய மூன்றே முக்கால் வருடமும் இது ஏட்டில் மாநிலத் திட்டம், செலவில் 90 சதவீதப் பொறுப்பு மாநிலத்தின் தலையில். மாதவரத்திலும் பூந்தமல்லியிலும் வேலை நடந்துகொண்டிருந்தது, டெல்லியில் கோப்பு தூங்கிக்கொண்டிருந்தது.

ஒப்புதலால் என்ன மாறியது என்றால், 33,593 கோடி வெளிநாட்டுக் கடன் முழுவதும் மத்திய அரசு வாங்கும் கடனாகி, மத்திய பட்ஜெட் வழியாக நிறுவனத்துக்கு வரும். அது போக 7,425 கோடி பங்காகவும் சார்நிலைக் கடனாகவும். இரண்டையும் கூட்டித்தான் "65 சதவீதம் மத்திய அரசு" என்கிறார்கள். இதைப் படிக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும்: 33,593 கோடி இனாம் அல்ல. குறைந்தது ஐந்து வருட அவகாசத்துக்குப் பிறகு மெட்ரோ நிறுவனம் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும், முடியாத வருடங்களில் மாநில அரசு கைகொடுக்க வேண்டும். மாநிலத்துக்கு லாபமே இல்லை என்றும் சொல்ல முடியாது, தன் கடன் வரம்பு அந்த அளவுக்குக் காலியாவதால் வேறு வேலைகளுக்குக் கடன் வாங்க இடம் கிடைக்கிறது. கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் பாதியைத்தான் சொல்வார்கள்.

இப்போது கிளாம்பாக்கம். பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து நீலத் தடத்தை அதுவரை நீட்டச் சொல்லிக் கேட்காத ஆள் இல்லை. விமான நிலையத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையை ஒட்டி பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வழியாக 15.46 கிலோமீட்டர், மதிப்பீடு 9,335 கோடி. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு சுமார் 600 கோடி, விம்கோ நகர் நீட்டிப்பில் அது சுமார் 420 கோடியாக இருந்தது. அறிக்கை கொடுத்தாகிவிட்டது, நிலம் எடுக்கவும் குழாய், கேபிள்களை மாற்றவும் மாநில அரசு 2025இல் 1,964 கோடிக்கு அனுமதியும் தந்தது. இது வெறும் பேச்சு இல்லை, அதே சமயம் மத்திய ஒப்புதலும் இல்லை. மனை விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மத்திய அமைச்சரவை ஒப்புதல் என்ன தேதி? அதைச் சொல்லத் தெரியாவிட்டால் மெட்ரோவுக்கென்று சதுர அடிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

கட்டி முடித்த பிறகும் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்துச் சான்று தராமல் பயணிகளை ஏற்ற முடியாது. "சோதனை ஓட்டம் வெற்றி" என்ற செய்தி வந்த மறுநாளே டிக்கெட் கேட்டுப் போவதில் அர்த்தமில்லை.

கடைசியாகக் கட்டணம். 2002ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் (இயக்கம், பராமரிப்பு) சட்டப்படி, தடம் திறக்கும்போது முதல் கட்டணத்தை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். பிறகு மாற்ற வேண்டுமானால் கட்டண நிர்ணயக் குழு பரிந்துரைக்க வேண்டும், அதன் தலைவர் பதவியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. அந்தப் பரிந்துரை நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 2025 பிப்ரவரியில் பெங்களூரில் அதிகபட்சக் கட்டணம் 60இலிருந்து 90 ரூபாய்க்குப் போனது இந்த வழியில்தான், அதனால்தான் "நாங்கள் ஏற்றவில்லை, குழு ஏற்றியது" என்று ஆளுக்கு ஆள் கைகாட்ட முடிந்தது. சென்னையில் 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன்பு, அதிகபட்சம் 70இலிருந்து 50 ரூபாயாகக் குறைந்தது. குறைந்தபட்சம் 10 ரூபாய். அட்டையிலோ க்யூஆர் டிக்கெட்டிலோ போனால் அதிலும் 20 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். விம்கோ நகர் நீட்டிப்பு திறந்து ஒரு வாரத்தில் வந்த குறைப்பு அது, வடசென்னையிலிருந்து விமான நிலையம் வரை மொத்தத் தூரமும் போகிறவர்களுக்குத்தான் அதிகம் மிச்சமானது.