ஐஎஸ்எஸ்என் எண் இருந்தால் நல்ல ஆய்விதழ் ஆகிவிடுமா?

சென்ற மாதம் ஒரு கல்லூரியில் கணித உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு வல்லுநராகச் சென்றிருந்தேன். நன்றாகப் பாடம் நடத்தக்கூடியவர் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்ட ஓர் இளைஞர், கோப்பிலிருந்து ஆறு கட்டுரைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றைப் புரட்டினேன். புள்ளிவாரியாக ஒருங்கும் சார்புகளின் தொடர்வரிசை ஒன்றில், வேறெந்த நிபந்தனையும் இன்றி எல்லையையும் தொகையீட்டையும் இடம்மாற்றியிருந்தார். அது பிழை. உயரம் கூடக்கூட அகலம் அதே விகிதத்தில் குறையும் செவ்வகங்களை வரைந்து பார்த்தாலே போதும்: ஒவ்வொன்றின் பரப்பும் 1, எல்லைச் சார்போ பூச்சியம். இளங்கலை மாணவருக்கே சொல்லித்தரும் எடுத்துக்காட்டு இது. வெளியிடுமுன் கட்டுரையைச் சரிபார்க்கும் நடுவரின் அறிக்கை எங்கே என்று கேட்டேன். "அப்படி எதுவும் வரவில்லை ஐயா, அனுப்பிய மூன்றாம் நாளே ஏற்பு மடல் வந்துவிட்டது" என்றார். பணம் கட்டிய ரசீது மட்டும் இருந்தது.

துறைத் தலைவராகவும் பின்னர் ஆய்வுப் புல முதல்வராகவும் இருந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட கோப்புகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஐஎஸ்எஸ்என் இருக்கிறதே!"

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது தொடர்ந்து வெளிவரும் இதழ்களுக்குத் தரப்படும், எட்டு இலக்கங்கள் கொண்ட அடையாள எண், அவ்வளவுதான். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6 எனத் தொடங்கி 2 வரையான எண்களால் பெருக்கிக் கூட்டி, எட்டாவது இலக்கத்தையும் சேர்த்தால் வரும் தொகை 11-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். கடைசி இலக்கம் 10 ஆக வேண்டிய இடத்தில் எக்ஸ் என்று எழுதுவார்கள். மட்டு எண்கணிதம் நடத்தும்போது நான் வகுப்பில் தவறாமல் தரும் பயிற்சி இது. எண்ணைப் படியெடுக்கையில் ஓர் இலக்கம் பிழையாகிவிட்டால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும். இதழில் உள்ள தேற்றம் பிழையென்றால் காட்டிக்கொடுக்காது. வார இதழுக்கும் இந்த எண் கிடைக்கும். வண்டிக்குப் பதிவு எண் இருப்பதால் ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடுமா?

அடுத்த நம்பிக்கை பட்டியல்கள்மேல். பல்கலைக்கழக மானியக் குழு தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்கியது. 2019-இல் கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியலைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. ஆகவே "பட்டியலில் இருந்தது" என்ற பதில் இனி யாரையும் காப்பாற்றாது.

ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவருமுன், அதன் ஆசிரியர் நாராயண ஐயங்கார் அதைத் தெளிவாகத் திருத்தி எழுதித் தரும்படி திரும்பத் திரும்பக் கேட்டார். இதழாசிரியரின் வேலை அதுதான். கணிதத்தில் ஒரு நிரூபணத்தை வரிவரியாகச் சரிபார்க்க மாதங்கள் ஆகும். மூன்று நாளில் ஏற்பு வந்தால் யாரும் படிக்கவில்லை என்றே கொள்ளுங்கள்.

அனுப்புமுன் இதழின் பெயரை, கணித ஆய்வு வெளியீடுகளைத் தொகுத்துத் தரும் இசட்பிமேத் ஓப்பன் தளத்தில் தேடுங்கள். 2021 முதல் அது இலவசம். கடைசி இதழைத் திறந்து பாருங்கள்: வணிகவியலும் வேளாண்மையும் கணிதமும் ஒரே இதழில் அடுத்தடுத்து இருந்தால் மூடிவிடுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் அந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளுக்குப் பதிலே வேண்டாம்.

நெறியாளர்களே, மாணவரை அவசரப்படுத்தாதீர்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு 2022 விதிமுறைகளிலேயே எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் இன்னும் வைத்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேராசிரியர் பதவிக்குப் பத்துக் கட்டுரை என்று விதி எண்ணிக்கையைத்தான் சொல்கிறது. தேர்வுக் குழுவில் அமரும் நாமாவது ஒரு கட்டுரையையேனும் திறந்து படிக்க வேண்டாமா?

ஏற்கெனவே கட்டுரையை அனுப்பிவிட்டு, பணம் கட்டாமல் தயங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு: பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். திரும்பப் பெறுகிறேன் என்று மின்னஞ்சலில் எழுதி, அதன் நகலை நெறியாளருக்கும் அனுப்புங்கள். திரும்பப் பெறவும் கட்டணம் உண்டு என்று மிரட்டினால், தயவுசெய்து கட்டாதீர்கள்.