‘சமவயதுத் துணைவர்’ என்றால் யார்?

வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு நோட்டீசு ஒட்டியிருந்தது: “கட்டுப்பாடு மற்றும் தனிமையை ஒழிப்பதில் சமவயதுத் துணைவர்களின் பங்கு – கருத்தரங்கு.” கல்யாணத் தரகர்கள் கூட்டம் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். தனிமை ஒழிய ஒத்த வயதில் ஒரு துணைவர் என்றால் வேறென்ன தோன்றும்? அடியில் பொடி எழுத்தில் ‘மனநல மருத்துவமனைகளில்’ என்று இருந்ததைப் பார்த்த பிறகே விஷயம் பிடிபட்டது. நோயாளியைக் கட்டிலோடு கட்டுவதையும் அறையில் போட்டுப் பூட்டுவதையும் நிறுத்த, முன்பு அதே பாடு பட்டவர்களைத் துணைக்குச் சேர்ப்பது பற்றிய கூட்டம் அது. இந்தச் ‘சமவயது’ என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை.

மூலச்சொல் ஆங்கிலப் ‘பியர்’ (peer). லத்தீனில் ‘பார்’ என்றால் சமம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து பிரபுக்களுக்குப் பட்டமானது. அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஒத்த வயதுப் பிள்ளைகளையும் குறித்தது. நம் மொழிபெயர்ப்பாளர் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டார். அறுபது வயதுக்காரர் இருபது வயதுப் பையனுக்குப் ‘பியர்’ ஆகலாம். இரண்டு பேர் கையையும் கட்டில் சட்டத்தில் கட்டியிருக்கிறார்கள், அந்தச் சமம் போதும்.

‘சகா’ என்று சொல்லலாமே என்பார்கள். வடசொல் என்று நான் முகம் சுளிக்கவில்லை. ஆனால் குமரி மாவட்டத்தில், அதுவும் குழித்துறைக்கு மேற்கே, சகா என்றதும் காதில் விழுவது மலையாளத்துச் ‘சகாவு’தான். கையில் கொடியோடு ஒரு தோழர் வந்து நிற்பார். ‘சக நோயாளி’ அதைவிட மோசம். சக பயணி என்றால் இப்போது அதே பஸ்ஸில் இருப்பவர். இவரோ இறங்கிவிட்டவர், உள்ளே இருப்பவருக்கு இறங்கும் வழி சொல்ல வந்தவர். ஒருவர் கொதித்து எழும்போது கயிறு வருவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். கட்டிவிட்டார்கள் என்றால், பிறகு என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டு, ஊழியர்களுக்கும் எடுத்துச் சொல்வார். அமெரிக்காவில் கட்டுவதைக் குறைக்க வகுத்த ஆறு உத்திகளில், இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்வதே தனியாக ஒன்று. அவரைப் போய் மறுபடி நோயாளி என்பதா? சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மாதிரி நமக்குத் திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல மருத்துவமனை; அந்த ஒரு பேரைச் சொல்லியே எத்தனை பேரை ஆயுசுக்கும் ஓரங்கட்டியிருக்கிறோம்!

என் கட்சி ‘பட்டறிவுத் துணை’. பட்டு அறிந்தது பட்டறிவு. அனுபவம் என்ற சொல்லில் ஊட்டி போய்வந்ததும் அடங்கும். ‘பட்டால்தான் தெரியும்’ என்பதில் இருக்கும் வலி அதில் இல்லை. வழித்துணை, பேச்சுத்துணை எல்லாம் ஏற்கனவே புழங்குவதால் ‘துணை’யும் உறுத்தாது. ‘துணைவர்’ ஆக்கினால் தாலி வந்துவிடும்.

நோட்டீசில் இருந்த ‘கட்டுப்பாடு’, ‘தனிமை’ என்ற மற்ற இரண்டு சொல்லையும் விடுவதற்கில்லை. கட்டுப்பாட்டை எதற்கு ஒழிக்க வேண்டும்? கடமை, கண்ணியத்தோடு சேர்த்து அண்ணா சொன்ன நல்ல சொல் அது. 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ 28 பேரைக் காவு கொண்டபோது அங்கே கட்டுப்பாடா இருந்தது? சங்கிலி இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 95ஆம் பிரிவில் சங்கிலியைத் தடுக்கிறது. 97ஆம் பிரிவில் தனியே அடைப்பதையும் தடுத்து, வேறு வழியே இல்லாத உடனடி ஆபத்தில் மட்டும், மருத்துவர் அனுமதியோடு கட்டலாம் என்கிறது. தண்டனையாகவோ ஆள் போதவில்லை என்றோ கட்டக் கூடாது. ஆகவே ‘கட்டிவைத்தல்’, ‘அடைத்துவைத்தல்’ என்றே எழுதலாம். ‘தனிமை’ என்பது கவிஞர்கள் தேடிப்போவது. ‘தனிமைப்படுத்தல்’ என்றால் கொரோனா.

நோட்டீசு அடித்த தம்பியைப் பிடித்து இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, அடுத்த தடவ மாத்திருவோம். இப்ப ஐந்நூறு அடிச்சாச்சு” என்றார்.