புஷர் என்றால் தள்ளுவண்டியா?

போன வாரத்தோடு இது மூன்றாவது முறை. அமெரிக்க மோட்டார்ஹோம் ஒன்றைச் சுற்றிக் காட்டும் வீடியோ, கீழே தமிழில் வரிகள் ஓடுகின்றன: "இந்த டீசல் தள்ளுவண்டியின் விலை நான்கு லட்சம் டாலர்." பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிட்டு அதைத் தள்ள வேற செய்யணுமா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. கிருஷ்ணகிரியில் தள்ளுவண்டி என்றால் மாங்காய்ப் பத்தையில் மிளகாய்த்தூள் தூவித் தருகிற வண்டி, ராத்திரி இட்லிக் கடை வண்டி. தள்ளுகிற ஆள் வண்டிக்கு வெளியே, வெயிலில் நிற்கிறார்.

சரி, அந்த வரியில் தள்ளுவண்டி ஆகிப்போன டீசல் புஷர் என்றால் என்ன? மோட்டார்ஹோம் என்பது படுக்கை, அடுப்பு, கழிவறையோடு தானே ஓடுகிற வீட்டு வண்டி. அதில் பஸ் அளவுக்குப் பெரிதாக, டீசல் எஞ்சினைப் பின்சக்கரங்களுக்கும் பின்னால் வாலில் வைத்துக் கட்டினால் அதுதான் புஷர். நம் ஊரில் சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் எல்லாமே கேரவன். அது பாரசீகச் சொல், ஒட்டகங்களோடு போன வணிகக் கூட்டம். தமிழில் அந்தக் கூட்டத்துக்குச் சாத்து என்று பெயர், கோவலனின் அப்பா மாசாத்துவான் பெயரிலேயே அது இருக்கிறது. அந்த வழியில் இறங்கினால் திரும்பி வர நேரமாகும், விடுங்கள். புஷ் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், இடிப்பது, தள்ளுவது என்று பொருள். விமானத்திலும் இந்தப் பேச்சு உண்டு. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தில் விசிறிகள் இறக்கைக்குப் பின்னால் இருந்தன, அதுவும் புஷர்தான்.

உண்மையில் ஆங்கிலச் சொல்லே கொஞ்சம் பொய் சொல்கிறது. முன்னால் எஞ்சின் வைத்த நம் பழைய டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள், டிரைவர் பக்கத்தில் சூடான எஞ்சின் பெட்டி, அதன்மேல் நாலு பேருடைய பை. அதிலும் தண்டு வழியாக விசை பின்சக்கரத்துக்குத்தான் போகிறது, பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. அப்படியானால் அதுவும் புஷர்தானே? அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. முன்சக்கரம் இழுக்கிற மோட்டார்ஹோமும் இருந்தது, 1973 முதல் 1978 வரை ஜிஎம்சி நிறுவனம் செய்தது, எஞ்சினும் முன்னால், இழுவையும் முன்னால், பின்னால் தண்டே போகாததால் வீட்டின் தரை நன்றாகத் தாழ்ந்திருக்கும். ஆக, புஷர் என்ற சொல் காட்ட வருவது எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைத்தான். தள்ளுவது அதற்கு ஒரு சாக்கு. மொழிபெயர்க்கிறவர் இடத்தை விட்டுவிட்டு வினையைப் பிடித்துக்கொண்டார்.

தள்ளுவண்டியாவது அவசரத்தில் செய்த தவறு, அல்லது மெஷின் செய்த தவறு. யோசித்து உட்கார்ந்து செய்த தவறு ஒன்று இருக்கிறது, எனக்கு அதன்மேல்தான் கோபம் அதிகம்: பின்தள்ளி. தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் "பின்தள்ளி உந்து" என்று எழுதுகிறார்கள். நானும் தமிழ்ச் சொல் வேண்டும் என்கிற கட்சிதான், ஆனால் இதை ஏற்க முடியாது. மற்றவர்களைப் பின்தள்ளி முதலிடம் பிடித்தார் என்று தினமும் படிக்கிறோம், படித்தவுடன் மனசு அந்தப் பக்கம்தான் போகும். மண்தள்ளி, பனிதள்ளி என்று கருவிப் பெயர் இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது, மண்தள்ளி மண்ணைத் தள்ளுகிறது, பனிதள்ளி பனியைத் தள்ளுகிறது. இது எதைத் தள்ளுகிறது, பின்னையா? எல்லாவற்றுக்கும் மேலே, உந்து என்றாலே தள்ளு என்றுதானே பொருள்! பேருந்து என்பது பேர், உந்து. மகிழுந்து, சரக்குந்து எல்லாவற்றிலும் தள்ளுவது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பின்தள்ளி உந்து என்றால் தள்ளித் தள்ளு. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்தான் அந்தப் பேச்சு வரும்.

எங்கள் பெரியப்பா மகன் காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கிறார், லாரி தொழில். மூன்று வருஷம் முன்பு, ஓடி ஓய்ந்த 12 மீட்டர் பின் எஞ்சின் பஸ் ஒன்றை வாங்கிக் கரூரில் பாடி கட்டும் பட்டறையில் விட்டு, உள்ளே நாலு படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக்கினார். ஒரு முறை சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது சூடு காட்டும் முள் மெல்ல மேலே போனது. முன்எஞ்சின் வண்டி என்றால் சத்தம் மாறுவது காதுக்கு வரும், வாசனை மூக்குக்கு வரும். இதில் எஞ்சின் அந்தக் கோடியில், அண்ணன் இந்தக் கோடியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு. முள்ளைப் பார்க்காமல் இருந்தால் அவ்வளவுதான்.

மறுநாள் தோப்பில் நிறுத்தி, பின் படுக்கையின் மெத்தையைச் சுருட்டி, பிளைவுட் பலகையைத் தூக்கினோம். புஷர் வைத்திருப்பவனுக்குத் தூங்குகிற இடமே பட்டறை, எஞ்சினின் மேல்பக்கத்துக்கு வழி கட்டிலுக்கு அடியில்தான். ரேடியேட்டர் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய்ப் புகையை ஃபேன் வாரி அடித்திருக்கிறது, அதன்மேல் சாலைப் புழுதி ஒட்டி, ஒட்டி, எண்ணெயில் பிசைந்த கேழ்வரகு மாவு மாதிரி தகடுகளுக்கு நடுவே இறுகிவிட்டது. பின்னால் ரேடியேட்டர் வைத்த வண்டிகளுக்கு இது பழைய வியாதி, முகத்தில் எதிர்காற்று படுகிற முன்பக்கத்து ரேடியேட்டருக்கு உள்ள வசதி அதற்கு இல்லை, புழுதியெல்லாம் சுழன்று வந்து சேருவதும் வண்டியின் பின்பக்கத்தில்தான். மெக்கானிக் பிசுக்கு எடுக்கும் மருந்தைத் தெளித்து ஊறவிட்டு, மெதுவாகத் தண்ணீர் விட்டார். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். அப்புறம் பிரீதர் குழாயை ஃபேனுக்கு அப்பால் நீட்டிக் கட்டினார். அந்த மனிதர் நாள் முழுக்க ஒரு தடவைகூடப் புஷர் என்று சொல்லவில்லை. "பேக் எஞ்சின் வண்டின்னாலே இதைப் பார்க்கணுங்க" என்றார். 2001-ல் பின்னால் எஞ்சின் வைத்த வால்வோ பி7ஆர் பஸ் வந்ததிலிருந்து இந்த நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில் எல்லாரும் சொல்வது அதுதான். பேக் எஞ்சின், ஃப்ரண்ட் எஞ்சின். இடத்தைச் சொல்லிவிட்டார்கள், வேலை முடிந்தது. ஆட்டோவுக்கும் எஞ்சின் பின்னால்தான், மாருதி ஆம்னிக்கு முன்சீட்டுக்கு அடியில், ஒருவரும் அதற்கெல்லாம் தள்ளி, தூக்கி என்று பெயர் வைக்கவில்லை.

தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை, ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உண்டு, 102-ஆவது. உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டி வைத்த "சேம அச்சு" போன்றவன் அவன் என்கிறார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று கூடுதலாகக் கட்டிய அச்சு. அது எதற்கு இருக்கிறது, எங்கே இருக்கிறது, இரண்டும் தெரிந்துவிடுகிறது. நாமோ இன்று கூடுதலாக வைத்திருக்கும் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோம், அது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர்.

அதனால் என் முடிவு: பின்பொறி, பொறி என்றால் எஞ்சின். வீட்டோடு சேர்த்துச் சொன்னால் பின்பொறி வீட்டூர்தி. எஞ்சின் என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாமே என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் சேர்த்து எழுதினால் பின்னெஞ்சின் என்று வரும், படிக்கிறவர் பின் நெஞ்சு எங்கே இருக்கிறது என்று தேடுவார். பிரித்துப் பின் எஞ்சின் என்று எழுதுங்கள்.

இந்த வீடியோக்களில் புஷர் மட்டுமா பிரச்சனை? கோச் என்று வந்த இடத்தில் "பயிற்சியாளரின் அடியில் பெரிய நிலவறை உள்ளது" என்று படித்தேன். வண்டிக்கு அடியில் சாமான் வைக்கும் அறையாம். பிளாக் டேங்க் என்றால் கழிவறைத் தொட்டி, அதைக் கருப்பு பீரங்கி வண்டி ஆக்கிவிட்டார்கள். படம் எதிரிலேயே ஓடுகிறது, கண்ணைத் திறந்து பார்த்தால் போதும், அதைக்கூடச் செய்யாமல் எழுதுகிறார்கள்.

பின்பொறி என்றதும் அண்ணன் சிரித்தார். பொறி என்றால் எலி பிடிக்கிறது இல்லையா என்றார். ஐம்பொறியும் இருக்கிறது, பொறியியல் கல்லூரியும் இருக்கிறது, அங்கே யாரும் எலி பிடிக்கப் போவதில்லை என்று நான் நீளமாக ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை, பிளைவுட் பலகையைத் தூக்கிக் காட்டினார். தோப்பில் நின்றபோது எலி ஒயரைக் கடித்துவிட்டதாம், எஞ்சின் பக்கத்தில் ஒரு மரப்பொறி, அதில் காய்ந்த தேங்காய்ச் சில்லு.