ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கப்பல் மாத்திரை கொடுக்காதீர்கள்

விடுமுறை நெருங்கினால் குழந்தை மருத்துவர்களிடம் வரும் கேள்விகளில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "டாக்டர், குரூஸ் போறோம், பாப்பாவுக்கு வாந்தி வராம இருக்க என்ன குடுக்கலாம்?" கேட்டுவிட்டுக் கொடுப்பவர்களைப் பற்றிக் கவலை இல்லை. கேட்காமலே, அப்பா மலைப்பாதையில் போகும்போது போடும் அவோமினைக் கால் மாத்திரையாக உடைத்து, தேனில் குழைத்துக் கொடுத்துவிட்டு, "ஏறினதுல இருந்து தூங்கிட்டே இருக்கான், எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்கிறான்" என்று கப்பலிலிருந்து வாட்ஸ்அப் அனுப்புகிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. (ஒரு வயதுக்குள் தேனே கூடாது, அதைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்.) இந்த விடுமுறையிலும் அப்படி ஒரு செய்தி வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

அவோமினில் இருப்பது ப்ரோமெதசின், மாத்திரை ஒன்றில் 25 மில்லிகிராம். 2 வயதுக்குக் கீழே இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது. பாதி கொடுக்கலாமா, கால்வாசி கொடுக்கலாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த வயதில் அது மூச்சையே அடக்கிவிடக்கூடும். சிறு குழந்தைகள் இறந்துபோனதாலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் இதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி, மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. எந்த அளவு ஆபத்து, எந்த அளவு ஆபத்தில்லை என்று யாராலும் கோடு போட்டுச் சொல்ல முடியாது என்பதால்தான் முழுத் தடை.

இதில் மனதை நோகடிப்பது என்னவென்றால், அந்த மாத்திரைக்குத் தேவையே இல்லை. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பயண வாந்தி வருவது மிக அரிது. மறுபடியும் சொல்கிறேன், மிக அரிது. கடல் ஆடினால் பெரியவர்களுக்கே குடலைப் பிரட்டுகிறதே, பச்சைக்குழந்தை எப்படித் தாங்கும் என்று பாட்டிமார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. பயண வாந்தி 2 வயதுக்கு மேல் மெல்லத் தொடங்கி, 7 முதல் 12 வயதுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு குறையும். வீட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா வாந்தி எடுக்கலாம், அம்மா எடுக்கலாம். மடியில் இருக்கும் தம்பி சிரித்துக்கொண்டே இருப்பான். "எல்லாருக்கும் போட்டோம், அவனுக்கும் கொஞ்சம் போட்டோம்" என்பதுதான் நான் கேட்கும் விளக்கம். தயவுசெய்து அவனுக்குப் போடாதீர்கள்.

இந்தத் தவறான எண்ணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கப்பலில் கைக்குழந்தை உண்மையிலேயே வாந்தி எடுத்தால், "அலைதான்" என்று விட்டுவிடுகிறார்கள். அலையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றால், வேறு காரணம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வயிற்றுத் தொற்றாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கட்டிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, தூக்கினால் துவண்டுவிழுகிறது: இவற்றில் எது தெரிந்தாலும் உடனே கப்பலின் மருத்துவ அறைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரவு இரண்டு மணி என்றாலும்தான்.

2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு, முன்பு காரிலோ பஸ்ஸிலோ வாந்தி எடுத்த பழக்கம் இருந்தால் மட்டும், மருத்துவர் எடை பார்த்து எழுதிக்கொடுத்த மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேளையை வீட்டிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும் ஒரு பகலில் கொடுத்துப் பாருங்கள். சில குழந்தைகள் இந்த மருந்துகளில் தூங்குவதற்குப் பதிலாக மூன்று மணி நேரம் கத்தித் தீர்ப்பார்கள்; அதைக் கப்பலில் போய்க் கண்டுபிடிக்க வேண்டாம். சளி சிரப்போடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான சளி சிரப்புகளில் குளோர்பெனிரமின் இருக்கிறது, அதுவும் தூங்கவைப்பதுதான். அதோடு மூக்கடைப்புக்கான பினைலெப்ரின் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரே 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறார். வீட்டில் பாதி மீந்த பாட்டில் இருந்தால் அதைப் பையில் போடாதீர்கள். பயண வாந்திக்கென்று தாத்தாவுக்காக வாங்கிய, காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டையை நறுக்கிக் குழந்தைக்கு ஒட்டுவதும் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஆன்டன்செட்ரான் சிரப், வயிற்றுத் தொற்று வாந்திக்கு நல்ல மருந்து. பயண வாந்திக்கு அது சரிப்படாது.

மருந்தைவிட அறைத் தேர்வு அதிகம் உதவும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. முன்முனையிலும் மேல்தளத்திலும் அதிகம். குமட்டும் குழந்தையின் கையிலிருந்து போனை வாங்கிவிட்டு, திறந்த தளத்துக்குக் கூட்டிப்போய்த் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காலியான வயிறும் ஆகாது, பஃபேயில் மூக்குமுட்டத் தின்ற வயிறும் ஆகாது.

அடுத்தது சானிடைசர். பையின் நான்கு மூலையிலும் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். கப்பல்களில் பேதியும் வாந்தியும் பரவக் காரணமான நோரோவைரஸை ஆல்கஹால் சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 20 விநாடி தேய்த்துக் கழுவுவதுதான் வழி. சாப்பிடும் முன், டயப்பர் மாற்றிய பின், விளையாட்டு அறையிலிருந்து வந்ததும். மிகச் சில வைரஸ் துகள்களே ஒருவரை விழவைக்கப் போதும். தொற்றியபின் 12 முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். குழந்தை கேபினில் வாந்தி எடுத்தால் டவலால் துடைத்துப் போடாமல் ஊழியரைக் கூப்பிடுங்கள், அதற்கான குளோரின் கரைசல் அவர்களிடம் இருக்கிறது. அறையை விட்டு வெளியே விடமாட்டார்கள் என்று பயந்து பேதியை மறைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பதும் யாரோ பெற்ற கைக்குழந்தைதான். சொல்லுங்கள்.

பேதியில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓஆர்எஸ் பொட்டலம் கட்டாயம். கடையில் இரண்டு அளவு உண்டு: 200 மில்லியில் கரைக்கும் சிறியது, ஒரு லிட்டரில் கரைக்கும் பெரியது. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகும். கப்பலில் அளவுப் பாத்திரம் இருக்காது, ஆகவே சிறிய பொட்டலங்களையும் 200 மில்லி கோடு போட்ட ஒரு பாட்டிலையும் எடுத்துக்கொள்வது நல்லது. அட்டைப் பெட்டியில் இனிப்பாக விற்கும் பானங்கள் ஓஆர்எஸ் ஆகாது. அந்தப் பெயரை அவற்றின் மேல் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிவிட்டது. ஒவ்வொரு பேதிக்கும் பிறகு, 2 வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன். மடமடவென்று புகட்டினால் அப்படியே வெளியே வரும், பிறகு "எதுவுமே தங்கலை" என்று பதறுவீர்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். பேதியை அடக்கும் லோபரமைடு மாத்திரை சிறு குழந்தைகளுக்குக் கிடையாது.

காய்ச்சல் மருந்தில் நடக்கும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளை பாரசிட்டமால் 150 மில்லிகிராம். மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தானால் அது 1.5 மில்லி. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 6 மில்லி. 5 மில்லியில் 250 என்றால் 3 மில்லி. ஒரே மருந்து, மூன்று அளவு. கிளம்பும் முன் குழந்தையின் எடையைப் பார்த்து, நீங்கள் கொண்டுபோகும் பாட்டிலின் மேலேயே பேனாவால் எழுதி ஒட்டுங்கள்.

"கப்பல்லதான் டாக்டர் இருப்பாரே" என்பார்கள். இருப்பார். பெரும்பாலும் அவசர சிகிச்சையிலோ பொது மருத்துவத்திலோ பழகியவர், குழந்தை மருத்துவராக இருப்பது அபூர்வம். உங்கள் குழந்தைக்குப் பழகிய சிரப்பும் இன்ஹேலரின் ஸ்பேசரும் அங்கே இருக்கும் என்று எண்ணாதீர்கள். கட்டணம் அறைக் கணக்கில் ஏறும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணமும், கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்கு 6 வாரம் முன்பே வாருங்கள். ஃப்ளூ ஊசியை முதன்முறை போடும் சிறு குழந்தைக்கு 4 வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து நின்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

வயது வரம்பையும் டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். பல நிறுவனங்களில் குறைந்தது 6 மாதம். தொடர்ந்து மூன்று நாளோ அதற்கு மேலோ கரை தொடாத பயணங்களில் 12 மாதம் கேட்பார்கள். குழந்தைகளை விளையாட விட்டுவரும் மன்றத்தில் (கிட்ஸ் கிளப்) சேர்ப்பது பெரும்பாலும் 3 வயதில், அதுவும் கழிப்பறைப் பழக்கம் வந்த பிறகுதான். இன்னொன்று, டயப்பர் போடும் குழந்தையை நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும். சில கப்பல்களில் அவர்களுக்கென்று தனி நீர் விளையாட்டு இடம் உண்டு. ஊழியரோடு சண்டை போடாதீர்கள். அந்த விதி உங்கள் குழந்தையையும் காப்பாற்றத்தான்.

குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனமே 2017-இல்தான் அவர்களை நியமித்தது. எல்லாக் கப்பல்களிலும் இன்றும் கிடையாது. குழந்தை மூழ்கும்போது கத்தாது, கையை அடிக்காது, சத்தமே இல்லாமல் இறங்கிவிடும். சுற்றி இருநூறு பேர் இருப்பார்கள், ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். கையில் மாட்டும் காற்றுப் பட்டை விளையாட்டுச் சாமான், பாதுகாப்புச் சாதனம் அன்று. தண்ணீர்ப் பக்கம் குழந்தை இருக்கும்வரை ஒரு பெரியவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள், "இப்போ நீ பார்த்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லி மாறுங்கள்.

பால்கனி அறை எடுத்தால் நாற்காலியையும் சின்ன மேசையையும் உள்ளே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். கைப்பிடி ஏறத்தாழ 1.1 மீட்டர் இருக்கும். 45 சென்டிமீட்டர் நாற்காலியில் ஏறி நின்றால் மிச்சம் 65 சென்டிமீட்டர்தான், 3 வயதுக் குழந்தையின் நெஞ்சு மட்டம். கேபின் கதவும் குளியலறைக் கதவும் கனமானவை, கப்பல் சாயும்போது தாமாக அறைந்துகொள்ளும். கீல் பக்கம் இருக்கும் இடைவெளியில் விரலை விடும் வயதுதான் ஒன்று முதல் மூன்று. நுனி விரல் நசுங்கிய குழந்தைக்குக் கடல் நடுவே தையல் போடுவது யாருக்கும் இன்பமில்லை. கதவைத் திறந்து வைத்தால் சுவரிலுள்ள கொக்கியில் மாட்டுங்கள். மேல் அடுக்குக் கட்டில் 6 வயதுக்குள் வேண்டாம். தொட்டில் கட்டிலை டிக்கெட் போடும்போதே கேளுங்கள், ஏறிய பிறகு கேட்டால் தீர்ந்துபோயிருக்கும்.

ஏறியவுடன் முதல் வேலை, உயிர்காப்பு அங்கி. அறையில் வழக்கமாகப் பெரியவர்களுக்கானதுதான் இருக்கும். 15 கிலோவுக்குக் கீழ் கைக்குழந்தை அங்கி, 15 முதல் 43 கிலோ வரை சிறுவர் அங்கி. 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒன்று கப்பலில் இருந்தாக வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆகவே கூச்சப்படாமல் கேட்டு வாங்கி, ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அவசரகாலப் பயிற்சிக்குக் குழந்தை தூங்குகிறது என்று போகாமல் இருக்காதீர்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி; அது கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிகளைத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டால் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரமாகும். மருந்து, பால் பவுடர், ஒரு நாளைக்கான டயப்பர், மாற்று உடை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். மின் கெட்டில் பல கப்பல்களில் அனுமதி இல்லை, வாங்கி வைத்துவிடுவார்கள். பால் புட்டிக்குக் குளிர்நீரில் கரைக்கும் கிருமிநீக்கி மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். பால் கலக்கக் கொதிக்கும் வெந்நீரை உணவகத்தில் கேட்டால் பிளாஸ்க்கில் தருவார்கள். வீட்டில் அரைத்த சத்துமாவை ஏற்றமாட்டோம் என்று சொன்னாலும் சொல்லலாம். பிரிக்காத பாக்கெட்டுகளாக இருந்தால் பெரும்பாலும் விடுவார்கள். சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்குபவர்களுக்குப் பலமுறை நுழையும் விசா தேவை, குழந்தைக்கும் சேர்த்து.

திரும்பி வந்து மூன்று நாளுக்குள் குழந்தைக்கு வாந்தியோ பேதியோ வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே "கப்பல்ல போயிட்டு வந்தோம்" என்று சொல்லுங்கள். நின்றபின் 48 மணி நேரம் பிளே ஸ்கூலுக்கு அனுப்பாதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ கிருமி மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும், டயப்பர் மாற்றுபவர் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், பாட்டியையும் சேர்த்துத்தான்.