ஆள்காட்டி கத்தினால் திரும்பி வந்துவிடுங்கள்

"இயற்கை என்றால் உயிர். சூழலியல் புகைப்படக்காரர் ஆக எந்த கேமரா வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். கேமரா பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். முதலில் ஆள்காட்டிக் குருவி.

மரத்தில் கூடு கட்டும் பறவை அல்ல அது. வெட்டவெளியில் சின்னதாக ஒரு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். பக்கத்தில் கிடக்கும் கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. கோடையில் ஆணும் பெண்ணும் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க அந்த ஈரமும் நிழலும் வேண்டும்.

படம் எடுக்கத் தொடங்கிய புதிதில், ஒரு மே மாதம், ஏரிக்கரையில் அப்படி ஒரு குழியைப் பார்த்தேன். தலைக்குமேல் வட்டமடித்துக் கத்திக்கொண்டே இருந்த பறவையை முக்கால் மணி நேரம் எடுத்துத் தள்ளினேன். அவ்வளவு நேரமும் முட்டைகள் வெயிலில் கிடந்தன. வயிறு நனைக்கும் பழக்கத்தைப் பிறகு தெரிந்துகொண்டபோதுதான் செய்த காரியம் உறைத்தது. அந்தப் படங்களை இன்றுவரை யாருக்கும் காட்டியதில்லை. எனக்கு இருந்தது பிரியம்தான். ஆனால் அந்தப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாத பிரியம்.

அதனால் பறவை கத்தினால் திரும்பி வந்துவிடுங்கள். கூட்டை மறைக்கும் கிளையை ஒடிக்காதீர்கள், போனில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள், கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் பகிராதீர்கள்.

இன்னொன்று, லென்ஸ் எதை விட்டுவிடுகிறது என்பது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதை ஒட்டியே பெருங்குடி குப்பைக் கிடங்கு. சதுப்பை அறுத்துக்கொண்டு போகிறது ரேடியல் சாலை. பூநாரைகள் வந்தால் சாலையோரம் பெரிய பெரிய லென்ஸ்கள் வரிசைகட்டும். குப்பைமேடு மட்டும் படத்தில் விழாது. நானும் பல வருடம் அப்படித்தான் எடுத்தேன். இப்போது அகலமான லென்ஸோடு போகிறேன். பறவை கடுகளவுதான் தெரியும். பின்னால் குப்பைமேடும் அடுக்குமாடிகளும் தெரியும். லைக் குறைவுதான், இருக்கட்டும். அந்தப் பறவை அங்கேதான் வாழ்கிறது.

2023 டிசம்பரில் வடசென்னையை ஒட்டிய எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களைப் படத்தில் பார்த்துத்தான் பலருக்கும் விஷயத்தின் கனம் புரிந்தது. அழகுக்காக எடுத்த படங்கள் அல்ல அவை.

சரி, கேமரா. கையில் இருக்கும் போனே போதும். காடு தேடிப் போக வேண்டாம். உங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் ஒரு படம் எடுங்கள். தேதியையும் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியை மதகின்மேல் நின்று ஒன்பது வருடமாக எடுத்துவருகிறேன். மூன்றாம் வருடம் தண்ணீருக்குள் வேலிக்கல் முளைக்கிறது; ஐந்தாம் வருடம் அந்தக் கல்வரை மண் கொட்டியிருக்கிறது; ஏழாம் வருடம் அங்கே சுற்றுச்சுவர். போன வருடம் ஊர்க்காரர்கள் கொடுத்த ஆக்கிரமிப்பு மனுவில் அந்த மூன்று படங்களையும், ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதி, இணைத்திருந்தார்கள்.