திரையில் தெரியும் எண்ணை எப்போது நம்பலாம்?

மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்திலும், உலையில் வினை தன் போக்கில் நடந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் காத்திருப்பைத் தவிர்த்து, சற்றைக்கொரு முறை திரவத்தின் நிலையைச் சொல்லிவிடுவதால்தான் அண்மை அகச்சிவப்பு நிறமாலைமானிகளை ஆலைகள் நாடுகின்றன. இவற்றை நிறுவிப் பராமரிப்பது என் தொழில். கருவியை வாங்கும்போது காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட அதன் அளவுத்திருத்தத்தில் பலர் காட்டாதது எனக்குக் கவலை தருகிறது.

இக்கருவி செறிவை நேரடியாக அளப்பதில்லை. ஏறத்தாழ 780 முதல் 2500 நானோமீட்டர் வரையிலான ஒளியைத் திரவத்தினூடே செலுத்தி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்பதை மட்டுமே அது அளக்கிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜனுடனோ கார்பனுடனோ நைட்ரஜனுடனோ கொண்டுள்ள பிணைப்புகளின் மேலதிர்வுகள் (அடிப்படை அதிர்வின் ஏறத்தாழ மடங்குகளான அதிர்வெண்களில் எழுபவை) இப்பகுதியில் அகன்ற பட்டைகளாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்து தோன்றுவதால், பெரும்பாலும் ஒற்றை உச்சியை வைத்துக் கணக்கிட முடியாது; அளவு தெரிந்த பல மாதிரிகளின் நிறமாலைகளைக் கொண்டு சமன்பாடு ஒன்றை உருவாக்கி, அதன் வழியாகத்தான் எண்ணைப் பெறுகிறோம்; அளவுத்திருத்தம் என்பது இதுதான். உறிஞ்சல் வலுவற்றது என்பதால் ஒளி சில மில்லிமீட்டர் தடிமனுள்ள திரவத்தையும் கடந்துவிடும். அதே காரணத்தால், பத்து லட்சத்தில் சில பங்கே உள்ள மாசுகளை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு கரைப்பான் மீட்புப் பிரிவில், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் உள்ள நீரின் அளவு பகலில், ஆய்வகத்தில் நீரளவைக் காணும் கார்ல் ஃபிஷர் சோதனையோடு ஒத்துப்போனது, இரவில் விலகியது. விளக்கை மாற்றினார்கள், ஒளியிழையை மாற்றினார்கள், விலகல் தீரவில்லை. சமன்பாட்டுக்கான மாதிரிகள் அனைத்தும் ஆய்வக மேசையில் 25 பாகை செல்சியஸில் அளக்கப்பட்டவை என்பது பதிவேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. இரவில் குளிர்விப்பு நீர் குளிர, குழாயில் ஓடிய திரவமும் குளிர்ந்திருக்கிறது. வெப்பநிலை மாறினால் ஹைட்ரஜன் பிணைப்புகளின் வலு மாறி, 1450 நானோமீட்டரை ஒட்டிய பட்டை இடம்பெயரும். அந்த இடப்பெயர்ச்சியைச் சமன்பாடு நீரளவின் மாற்றமாகவே படித்துவிட்டது. வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்த நிறமாலைகளையும் சேர்த்துச் சமன்பாட்டை மறுபடி உருவாக்கிய பிறகே இரவும் பகலும் ஒத்துவந்தன.

குமிழிகளும், திரவத்துக்குள் ஒளி புகும் சாளரத்தில் படியும் படிவும் வேறு வகைத் தொல்லைகள். குமிழி ஒளியைச் சிதறடிப்பதால் எண் துள்ளும், உடனே கண்ணில் படும். படிவு அப்படியல்ல, திரவம் மாறினாலும் எண் அசையாமல் நிற்கக்கூடும், அந்த அமைதியைப் பணியாளர்கள் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணோடு கூடவே, புதிய நிறமாலை சமன்பாட்டுக்கு எந்த அளவு பொருந்துகிறது என்று காட்டும் எச்ச மதிப்பையும் திரையில் வைக்கச் சொல்லி நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சரிபார்க்க எடுக்கும் மாதிரியிலும் பிழை நேரலாம். மாதிரி எடுக்கும் வால்வு, கருவி திரவத்தை அளக்கும் ஆய்வுமுனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். கிளைக்குழாயில் தேங்கிய பழைய திரவத்தை வெளியேற்றிய பிறகே குப்பியை நிரப்ப வேண்டும். ஆல்கஹால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் நிரப்பியவுடன் மூடியை இறுக்கி, எடுத்த நேரத்தை நிமிடம் வரைக்கும் குப்பியின் மீதே எழுதிவிட வேண்டும்.