அந்த மூலைக்கு ஒரே வேலைதான்

திருவண்ணாமலை மலைச்சரிவில் இருக்கும் விரூபாட்ச குகைக்குப் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே வேடிக்கை பார்க்க ஒன்றுமே இல்லை. சின்ன இடம், வெக்கை, மங்கிய வெளிச்சம், விரூபாட்ச தேவர் என்ற பழைய துறவியின் சமாதி. அவ்வளவுதான். 1899 முதல் 1916 வரை ரமண மகரிஷி இங்கேதான் இருந்தார். கோடையில் தண்ணீர் கிடைக்காது என்பதால் அந்த மாதங்களில் மட்டும் மாமரத்துக் குகைக்குப் போய்விடுவார். இன்றும் அங்கே நுழைகிறவர்கள், யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

"வீட்டில் பூஜை அறைகூட இல்லை டாக்டர், தியானத்துக்கு எங்கே உட்காருவது?" என்று மனநல மருத்துவரான என்னிடம் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் இந்தக் குகையைத்தான் உதாரணமாகச் சொல்வேன். தூக்கமின்மையோடு வருகிறவர்களிடம், 'படுக்கையில் கைப்பேசி பார்க்காதீர்கள், கணக்குப் போடாதீர்கள், தூங்க மட்டும் போங்கள்' என்கிறோம் இல்லையா? இடத்தையும் செயலையும் உடம்பு சேர்த்தே பழகிக்கொள்கிறது. தியானத்துக்கும் அதே கதைதான். தினமும் ஒரே இடம், அங்கே வேறு எந்த வேலையும் கிடையாது.

ஒரு பெண்மணி. அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன். ஒற்றை அறை வீடு, நான்கு பேர், கூடவே தையல் மெஷின். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, ஒரு பாயை இரண்டாக மடித்துப் போடும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் கால் மணி நேரம் அங்கே உட்காரச் சொன்னேன். விளக்கேற்றுவது அவர் விருப்பம். ஒரே ஒரு கண்டிப்பு: அந்தப் பாயில் துணி மடிக்கக் கூடாது, போன் பேசக் கூடாது, கடன் கணக்குப் பார்க்கக் கூடாது. மூன்றாவது வாரம் வந்தபோது சொன்னார்: "பாயை விரிக்கும்போதே மூச்சு இறங்கிவிடுகிறது, டாக்டர்."

எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. அவருடைய கவலைகளில் ஒன்றுகூடக் குறைந்திருக்கவில்லை. ஆனாலும் கவலை வந்து தொடாத ஒரு முழ இடம் அந்த வீட்டில் உண்டாகிவிட்டது. புனிதம் என்று நான் அதைத்தான் சொல்வேன். ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சிலையும் நீரூற்றும் வாங்கிவைத்து, பிறகு அங்கேயே கைப்பேசிக்கு சார்ஜ் போடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

முக்கியமான ஒன்று. தீவிர மனச்சோர்வில் இருப்பவர்கள், பழைய அதிர்ச்சியைச் சுமப்பவர்கள், காதில் குரல் கேட்பவர்கள் தனிமையில் கண்ணை மூடி நெடுநேரம் உட்கார்ந்தால் சிலருக்குப் பயம் கூடிவிடும். தியானம் தொடங்கிவிட்டோமே என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு, பல நாள் தூக்கமில்லாமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது படபடப்பு ஏறினால் கண்ணைத் திறந்துவிடுங்கள், எழுந்து வெளிச்சத்துக்கு வாருங்கள், வீட்டில் யாரிடமாவது பேசுங்கள். அடுத்த முறை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது அதை மறைக்காமல் சொல்லுங்கள்.